பத்தடிச் சந்து

786

கோயமுத்தூர்
5.6.1994

அன்புள்ள ராமாமணி அம்மணிக்கு, பக்கத்துக் குடோன் சாக்கு யாகூப் எழுதுவது.

உங்கள் அப்பா தவறியபோது நேரில் பார்த்தது. நாலு வருஷம் ஆகிவிட்டது. நீங்கள் மதுரைக்குப் போன இத்தனை வருஷத்தில் உங்களுக்கு ஒரு கார்டு போட்டதில்லை. காரியம் இல்லாமல் தபால் தலை வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நேராகக் காரியத்துக்கு வருகிறேன்.

போன வாரம் உங்கள் தம்பி சென்னகிருஷ்ணன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். கூட வீட்டை வாங்குகிற துடியலூர்க்காரர் ஒருவர், கையில் டேப். வீட்டை அளந்தார்கள், பின்னால் அப்பாவின் லேத் பட்டறையை அளந்தார்கள், கடைசியில் வீட்டை ஒட்டிய பத்தடிச் சந்தையும் அளந்தார்கள். காம்ப்ளெக்ஸ் கட்டப் போகிறார்களாம். சந்து இருக்கிற இடத்திலும் கடை வருமாம். தம்பி என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்க பாய், ஆடி கழிஞ்சதும் கிரயமுங்க. அதுக்குள்ள லோடு எறக்க வேற எடம் பாத்துக்கங்க."

வேறு இடம் எங்கே பார்ப்பது? என் குடோனுக்கு வீதிப் பக்கம் மூன்றடி நடைதான். தலைச்சுமையோடு ஒருத்தன் உள்ளே போனால், எதிரே வருகிறவன் பின்னால் நடந்து போக வேண்டும். வண்டி வருவது உங்கள் வீட்டுப் பத்தடிச் சந்து வழியாக. 1966இல் இருந்து அப்படித்தான். பொள்ளாச்சிக் கொப்பரைக் களத்துக்கும் வெல்ல மண்டிக்கும் நான் அனுப்புகிற ஒவ்வொரு சாக்கும் அந்தச் சந்தில்தான் ஏறியது, இறங்கியது. அதை அடைத்தால் என்னிடம் மிஞ்சுவது நாலு சுவரும் ஒரு ஓட்டுக் கூரையும்.

வக்கீலைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகமெல்லாம் வெளிச்சம். "இருபத்தெட்டு வருசமா ஓட்டறீங்களா? இருபதே போதுமுங்க பாய். ஸ்டே வாங்கிப்போடலாம்" என்றார். பிராது டைப் அடித்தாகிவிட்டது. அதில் ஒரு வரி: 'வாதி மேற்படி சந்தை எவருடைய அனுமதியும் இன்றி, தன் சொந்த உரிமையாக, தொடர்ந்து பயன்படுத்தி வந்திருக்கிறார்.' கையெழுத்துப் போடுங்கள் என்றார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

அந்த வீட்டின் மேல் கேஸ் போடுவதாக இருந்தால் உங்களிடம் சொல்லாமல் போட மாட்டேன். அது ஒன்று. இன்னொன்று, நீங்கள் சட்டக் கல்லூரியில் சொத்துச் சட்டம் பாடம் எடுக்கிறவர். எனக்கு அந்தச் சந்தில் உரிமை உண்டா, இல்லையா? சரக்கு நல்லதா சொத்தையா என்று கேட்டால் நான் சொல்கிற மாதிரி ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஜன்னத் உங்களை விசாரித்தாள்.

யாகூப்


மதுரை
11.6.1994

அன்புள்ள யாகூப் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். அடுத்து எனக்குப் பயமாகிவிட்டது.

அப்பா உயில் எழுதாமல் போனார். அது அவர் சம்பாதித்து வாங்கிய வீடு. ஆகவே தம்பிக்குப் பாதி, எனக்குப் பாதி. நான் கையெழுத்துப் போடாமல் கிரயம் நடக்காது. நீங்கள் கேஸ் போட்டால் தம்பி முதல் பிரதிவாதி, நான் இரண்டாம் பிரதிவாதி. பிரதிவாதியிடமே பிராதைக் காட்டி 'இது நிற்குமா' என்று கேட்கிற வாதியைப் பற்றி எந்தத் தீர்ப்பிலும் நான் படித்ததில்லை.

விற்பதற்கு நான் சம்மதித்திருக்கிறேன். மதுரையில் பதினெட்டு வருஷமாக வாடகை வீடு. ஓய்வு பெறும்போதாவது என்னுடையது என்று ஒரு கூரை வேண்டும் என்று நினைத்தேன். தம்பி போனில் சொன்னபோது வீடு, பட்டறை இரண்டும் கண்ணில் வந்தன. சந்து வரவில்லை. சொத்துச் சட்டம் நடத்துகிறவளுக்கு அது வந்திருக்க வேண்டும். மன்னியுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னீர்கள். ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் எங்களுக்குச் சம்பளம் எதற்கு? உசிலம்பட்டி, கம்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் புத்தகம் புரிவதில்லை என்று தமிழில் குறிப்பு எழுதி நடத்துகிறேன். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சொத்து என்றால் மண் மட்டும் இல்லை. அந்த மண்ணின் மேல் இருக்கிற பல உரிமைகள் சேர்ந்த கட்டு அது. உங்கள் சாக்குக் கட்டு மாதிரி. கட்டு ஒருவரிடமே இருக்க, அதிலிருந்து ஒரே ஒரு சாக்கை உருவி அடுத்தவரிடம் கொடுக்கலாம். நிலம் எங்களுடையது, அதன் மேல் வண்டி ஓட்டுகிற உரிமை மட்டும் உங்கள் குடோனுடையது என்று இருக்க முடியும். இதற்கு வசதியுரிமை என்று பெயர். எழுதிக் கொடுத்தால் அது வரும். வேறு வழியே இல்லாவிட்டாலும் வரும். ஆனால் உங்களுக்கு மூன்றடி நடை இருக்கிறதே. தவிர, அதற்கு இரண்டு மனையும் முன்பு ஒருவரிடமே இருந்திருக்க வேண்டும். மிஞ்சியது, நாள்பட்ட பழக்கத்தால் வருவது. இருபது வருஷம், எல்லோரும் பார்க்க, சண்டை இல்லாமல், நடுவில் விடாமல், 'உரிமையாக' அனுபவித்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். நிலத்துக்காரரின் அனுமதி வாங்கிப் போனால் அது உரிமை ஆகாது. வெறும் உரிமம். இருநூறு வருஷம் போனாலும் அனுமதி அனுமதிதான். நிலம் கைமாறுகிற அன்று அது தீர்ந்துவிடும்.

ஆகவே வகுப்பில் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: போனவர் கேட்டுவிட்டுப் போனாரா, கேட்காமல் போனாரா?

இதற்கான பதிலை எனக்கு எழுத வேண்டாம். நான் எதிர்க்கட்சி. நீங்கள் எனக்கு எழுதுகிற காகிதம் நாளைக்கு உங்களுக்கே எதிராகக் கோர்ட்டில் நம்பர் போட்டு நிற்கும். வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள்.

ஜன்னத் அண்ணிக்கு என் அன்பு.

ராமாமணி


786

கோயமுத்தூர்
17.6.1994

அன்புள்ள அம்மணிக்கு,

எழுதாதே என்றால் எழுதத்தான் தோன்றுகிறது. காகிதம் கோர்ட்டுக்குப் போனால் போகட்டும்.

அவிநாசியிலிருந்து ஒரு சைக்கிளோடு வந்தவன் நான். வீடு வீடாகப் போய் அரிசிச் சாக்கு, தவிட்டுச் சாக்கு வாங்கி, கிழிசலைத் தைத்து, உதறி, மண்டியில் போடுவேன். இருபத்துநாலு வயதில் அந்தக் குடோனை வாங்கினேன். முன்பக்கம் மூன்றடி என்று யாரும் வாங்காமல் கிடந்தது. அதனால் எனக்குக் கட்டுபடியாகிற விலைக்கு வந்தது. விற்றவர் காபி கடையில் சொல்லிச் சிரித்தாராம், துலுக்கப் பையன் தலையில் கட்டிவிட்டேன் என்று. அவர் பார்க்காததை நான் பார்த்திருந்தேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் சந்து.

வாங்கிய மறுநாள் உங்கள் அப்பாவைப் பார்க்கப் போனேன். சுந்தரராஜுலு நாயுடு என்றால் பம்ப்செட் ஷாஃப்ட் கடைவதில் ஊரில் பேர் பெற்றவர், கோபக்காரர் என்றும் சொன்னார்கள். லேத் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தவில்லை.

"என்னப்பா?"

"சந்துல எம்பட வண்டி வரோணுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்க போதும்ங்கற வரைக்குமுங்க."

லேத்தை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளன்னைக்கு வா" என்றார். படியில் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தது நீங்கள்தான். இரட்டைச் சடை.

போனேன். சரி என்றார். ஒன்றே ஒன்று சொன்னார். ஆயுத பூஜைக்கு லேத், ரம்பம், சம்மட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற மாதிரி சந்துக் கேட்டுக்கும் பொட்டு வைத்து அன்று சாயங்காலம் பூட்டிவிடுவேன், மறுநாள் காலையில் நீ வந்து கேட்டால் திறப்பேன் என்றார். அதற்கென்னங்க என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விஜயதசமியும் காலை ஏழு மணிக்குக் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போவேன். அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார். "ஏனுங்க, வண்டி ஓட்டிக்கட்டுங்களா?" என்பேன். "ஓட்டிக்க யாகூப்பு. பாத்து ஓட்டு, செவுத்தை இடிச்சுப்போடாதே" என்பார். திறந்துவிட்டு, என் துண்டில் பொரியும் கடலையும் கொட்டுவார். எங்களுக்கு இரண்டு பெருநாள் என்றால், ஜன்னத் அதை மூன்றாவது பெருநாள் என்பாள். ஒரு வருஷம் எனக்கு டைபாய்டு. ரியாஸைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போனாள். அப்பா பதறிப் போய், "நீ எதுக்கம்மா வெயில்ல வந்தே, வேற ஆரையாச்சும் அனுப்பப்படாதா" என்றார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. "சரி, சொல்லும்மா, என்ன வேணும்?" என்று நின்றார். அவள் கேட்ட பிறகுதான் சாவி திரும்பியது.

அப்பா இருந்தவரை இருபத்துநாலு விஜயதசமி. இருபத்துநாலு தடவையும் கேட்டேன். அவர் போன பிறகு கேட்டைப் பூட்டவும் ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை.

இதை நேற்று வக்கீலிடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது வேற ஆருக்குத் தெரியுமுங்க?" என்றார். பெரியவர் இல்லை, தம்பி அந்த நாளெல்லாம் ஹாஸ்டல், அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அம்மணி என்றேன். "அந்தம்மா கூண்டு ஏறுவாங்களா?" என்றார்.

அதைத்தான் கேட்கிறேன். ஏறுவீர்களா?

யாகூப்


மதுரை
28.6.1994

அன்புள்ள யாகூப் அண்ணனுக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

கூண்டு ஏறினால் நடந்ததைத்தான் சொல்வேன். ஆனால் ஏறாமல் இருக்க என்னால் முடியும். தம்பிக்கு ஆயுத பூஜை என்றால் பொரி மட்டும்தான் ஞாபகம். நான் சும்மா இருந்தால் உங்கள் வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே ஜெயித்துவிடுவார். நான் வாயைத் திறந்தால் உங்களுக்கு மிஞ்சுவது அப்பா போன பிறகு யாரையும் கேட்காமல் ஓட்டிய நாலே வருஷம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் சும்மா இருந்துவிடுகிறேன், அண்ணா. சட்டம் சொல்லிக் கொடுக்கிறவள் இப்படி எழுதக் கூடாது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஏன் என்றால் உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எப்படி என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் முதன்முதலில் வந்து கேட்டீர்களே, அதற்கு மறுநாள் அப்பா ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார். வீட்டுப் பத்திரத்தில் இங்கிலீஷ் இருந்தால் படிக்க வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார். வக்கீல் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வழி உடுங்க, நாயுடு, தப்பில்லை. ஆனா வருசத்துல ஒரு நாள் பூட்டோணும். அவன் வந்து வாயத் தொறந்து கேக்கோணும். இல்லாட்டி இருபதாம் வருசம் சந்து அவனுது." அப்பா தலையாட்டினார். பஸ்ஸில் திரும்பினோம். எனக்கோ ஒரே வியப்பு. ஒரு கேள்வியால், ஒரு பூட்டால், ஒரு சொத்தைக் காப்பாற்ற முடியுமா? அந்த பஸ்ஸில்தான் நான் சட்டம் படிப்பது என்று முடிவு செய்தேன்.

ஆக, கேட்டுக்குப் பொட்டு வைத்தது பூஜை இல்லை. அண்ணியை வெயிலில் நிறுத்திக் கேட்க வைத்தது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

இன்னும் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக வகுப்பில் இந்தப் பாடத்துக்கு உங்களைத்தான் உதாரணம் சொல்கிறேன். பெயர் சொல்வதில்லை. 'ஒரு ஊரில் ஒரு சாக்கு வியாபாரி இருந்தார். ரொம்ப மரியாதைக்காரர்' என்று ஆரம்பிப்பேன். இருபதாம் வருஷம் வரும்போது, 'இப்போது சந்து யாருடையது?' என்று கேட்பேன். 'வியாபாரியுடையது' என்று கத்துவார்கள். 'இல்லை, அவர் ஒவ்வொரு வருஷமும் மரியாதையாகக் கேட்டார்' என்பேன். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிக்க விடுவேன், அப்போதுதான் பாடம் மறக்காது என்று.

துண்டில் பொரி வாங்கிக்கொண்டு போனதை நீங்கள் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் அந்தப் பாடம் எடுக்க வேண்டிய நாள். லீவு போட்டுவிட்டேன்.

ராமாமணி


786

கோயமுத்தூர்
20.7.1994

அன்புள்ள அம்மணிக்கு,

மூன்று வாரம் பதில் இல்லை என்றதும் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்தது பாதி சரி. பிள்ளைகள் சிரித்தார்கள் என்று எழுதினீர்களே, அது இரண்டு நாள் சோற்றில் கல்லாகக் கிடந்தது. வருஷத்துக்கு எழுபது பிள்ளைகள் என்று வைத்தாலும் எத்தனை வக்கீல்கள் என்னை நினைத்துச் சிரித்திருப்பார்கள்! அதில் யாராவது ஜட்ஜ் ஆகியிருந்தால் இன்னும் மோசம்.

மற்ற விஷயத்துக்குக் கோபமே இல்லை. ஏனென்றால் அது எனக்குத் தெரியும்.

1973இல் பத்திரம் எழுதுகிற அப்துல் வஹீது என்னைப் பிடித்துக்கொண்டான். "ஏண்டா, வருசா வருசம் போயி பிச்சைக்காரனாட்டம் கேக்கறியாமா? கேக்காதே. கேக்காம ஓட்டு. இருவது வருசம் போனா சந்து உனக்கு. கேட்டீன்னா எம்பது வருசம் போனாலும் ஒண்ணுமில்லை." அன்று தூக்கம் பிடிக்கவில்லை. அந்த வருஷ விஜயதசமிக்கு வெளுத்த சட்டையோடு போனேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அப்பா அந்தப் பக்கம் நின்றார். அவரும் திறக்கவில்லை, வாயையும் கேட்டையும். வெயில் ஏறுகிறது. எனக்குப் பின்னால் வண்டி மாடு தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. பால்காரர் பார்த்துவிட்டுப் போகிறார். கால் மணி நேரம் இருக்கும்.

"என்ன யாகூப்பு, தொண்டை கட்டிப்போச்சா?"

"இல்லீங்க."

"பின்னே?"

நான் காலைப் பார்த்தேன். அவர் மெல்லச் சிரித்தார்.

"வஹீது சொன்னானாக்கும்?"

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"எனக்கும் ஒரு வக்கீல் சொன்னாருப்பா, ஏழு வருசத்துக்கு முந்தி. நீ கேக்காட்டி சந்து போயிரும்னு. எனக்குச் சந்து போகக்கூடாது. உனக்கு வண்டி நிக்கக்கூடாது. நீ கேளு. நா இருக்கற வரைக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். சொன்னேன்னா எம் பேரை மாத்திக் கூப்புடு."

கேட்டேன். திறந்தார். அன்றைக்குப் பிறகு எங்களுக்குள் மூடுமந்திரம் ஒன்றும் இல்லை. பதினாறு வருஷம் அவர் பூட்டுவது எதற்கென்று எனக்குத் தெரியும், நான் கேட்பது எதற்கென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வருஷம்கூட என்னை வெயிலில் காக்க வைத்ததில்லை. நானும் ஏழு மணியைத் தாண்டிப் போனதில்லை.

உங்கள் பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். கேட்காமல் ஓட்டியிருந்தால் மறுமாதமே பெரிய பூட்டு. நான் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடந்திருப்பேன். கேட்டதால் வண்டி ஓடியது. தங்கச்சிகள் மூன்று பேருக்கு நிக்காஹ் முடித்தேன், வீட்டுக்கு மாடி போட்டேன், ரியாஸை பி.காம் படிக்க வைத்தேன். எல்லாம் உரிமையே இல்லாத சந்தில் ஓட்டிச் சம்பாதித்தது. ஏமாந்தவன் நான் என்றால், எல்லா வியாபாரியும் இப்படி ஏமாறட்டும்.

பிராதைக் கிழித்துவிட்டேன். வக்கீலுக்கு வருத்தம். "பாய், உள்ளதைச் சொல்றதுக்கு வக்கீல் எதுக்குங்க?" என்றார். உங்களை ஊமையாக்கி ஜெயிக்க வேண்டியதில்லை. அந்த மனிதரிடம் இருபத்துநாலு தடவை கேட்டுவிட்டு, கேட்கவே இல்லை என்று காகிதத்தில் எழுத என் கை வரவில்லை.

உடனே என்னை மகான், அவுலியா என்று ஆக்கிவிடாதீர்கள். இதிலும் வியாபாரம் இருக்கிறது. சொத்தைக் கேஸுக்கும் சந்தையில் விலை உண்டு. துடியலூர்க்காரர் பயப்படுவது தோற்பதற்கு இல்லை, பத்து வருஷம் ஸ்டேயில் கிடப்பதற்கு. எனக்கு வேறெந்தப் பாத்தியமும் இல்லை என்று நானே எழுதிப் பதிவு செய்து கொடுக்கிறேன். அவர் நிம்மதியாகக் கட்டட்டும். அதற்குப் பதிலாகப் பத்தடியில் ஆறடியை எனக்கு வழியாக விடட்டும். லாரி வராது, தள்ளுவண்டி வரும். சைக்கிளில் ஆரம்பித்தவன்தானே.

தம்பியிடம் அடுத்த வாரம் பேசப் போகிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

யாகூப்


மதுரை
27.7.1994

அன்புள்ள யாகூப் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். 1973இல் எனக்கு இருபத்துநாலு வயது. அன்று காலை நான் அந்த வீட்டுக்குள்தான் இருந்தேன், பரீட்சைக்குப் படித்துக்கொண்டு. ஜன்னலைத் திறந்திருந்தால் சொத்துச் சட்டத்தில் நான் பார்த்திருக்கக்கூடிய ஒரே நேரடி விசாரணை. திறக்கவில்லை.

உங்கள் திட்டம் சரி. ஆனால் மூன்று திருத்தம்.

'யாகூபுக்கு வழி' என்று எழுத விடாதீர்கள். 'குடோனுக்கு வழி' என்று எழுதச் சொல்லுங்கள். வசதியுரிமை ஆளோடு ஒட்டாது, நிலத்தோடு ஒட்டும். உங்களுக்குப் பின் ரியாஸுக்கு, ரியாஸுக்குப் பின் யார் அந்தக் குடோனை வாங்கினாலும் அவருக்கு. எங்கிருந்து எங்கே வரை, எத்தனை அடி, என்ன வண்டி, தரை பழுதானால் யார் போடுவது என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'அனுமதிக்கிறோம்' என்ற வார்த்தை எங்காவது தலைகாட்டினால் அடித்துவிடச் சொல்லுங்கள். அனுமதி வாங்கியே இருபத்துநாலு வருஷம் ஓட்டிவிட்டீர்கள், இந்தத் தடவை அது வேண்டாம்.

தம்பியிடம் நானும் பேசிவிட்டேன், எஸ்.டி.டி. பூத்தில் நின்று. ஆறடி இல்லாமல் என் கையெழுத்து இல்லை என்றேன். ஆறடி போனால் ஒரு கடை குறையும், விலையும் குறையும் என்று கத்தினான். "அக்கா, நீ ஆரு பக்கம்?" என்றான். "அப்பா பக்கம்" என்றேன். சரி என்று போனை வைத்தான். எனக்கு மதுரையில் ஒரு அறை குறைந்த வீடு வரும். ஒருத்திக்கு அது போதும்.

நேற்று வகுப்புக்குப் போனேன். சாக்கு வியாபாரி கதையை முதலிலிருந்து சொன்னேன். இருபதாம் வருஷத்தில் வழக்கம்போலச் சிரித்தார்கள். பிறகு 1973ஐச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கம்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருச்சுல்ல, அப்புறம் எதுக்கு மேடம் வருசா வருசம் பூட்டவும் கேக்கவும்?" என்றாள். சட்டப்படி பதில் இருக்கிறது, சொன்னேன். அவள் உட்காரவில்லை. அவள் கேட்டது சட்டம் இல்லை என்று எனக்கும் தெரியும். மணி அடித்தது, தப்பித்தேன்.

ராமாமணி


786

கோயமுத்தூர்
15.10.1994

அன்புள்ள அம்மணிக்கு,

கிரயத்தன்று சப்-ரிஜிஸ்தர் ஆபீஸில் உங்களோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. கூட்டம், மை, பெருவிரல், தம்பியின் முகம். கையெழுத்துப் போட்டதும் நீங்கள் மதுரை பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்கள். டீயாவது குடித்திருக்கலாம். தம்பி பிறகு என்னிடம், "பாய், எங்கக்கா இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணுமே வேணும்னு கேட்டதில்லைங்க. மொதல் தடவை கேட்டது உங்களுக்கு" என்றார். கோபமாகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பத்திரம் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஆறடி, குடோனுக்கு, என்றென்றைக்கும். ரியாஸ் ஒரு நகல் எடுத்து எனக்குப் பையில் வைத்துக்கொடுத்தான்.

வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாடி போய்விட்டது. பட்டறையில் லேத் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது, மழையிலும் போகவில்லை. அந்தப் பக்கம் போகும்போது காது தானாக அந்தச் சத்தத்தைத் தேடுகிறது.

நேற்று விஜயதசமி. ஏழு மணிக்கு நான் சட்டையை மாட்டுவதைப் பார்த்து ரியாஸ், "அத்தா, இனி ஆரையும் கேக்க வேண்டியதில்லை, தெரியுமில்ல?" என்றான். தெரியும்டா என்றேன். ஜன்னத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு விவரம் புரியவில்லையா, என்னைவிட நன்றாகப் புரிந்ததா, தெரியவில்லை.

போனேன். சந்து வாயில் ஒரு கயிறு கட்டியிருந்தது, செங்கல் யாரும் தூக்கிப் போகாமல் இருக்க. பக்கத்தில் ஒரு ஸ்டூல். புதிதாக வாட்ச்மேன் போட்டிருக்கிறார்கள், ராசப்பன் என்று பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். வயது என்னை ஒத்திருக்கும்.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க?"

"இந்த வழியா குடோனுக்குப் போறனுங்க. எனக்குப் பத்திரம் இருக்குதுங்க."

நகலை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இதுக்குப் போயி பத்திரமெல்லாம் எதுக்குங்க? போகட்டுங்களான்னு ஒரு வார்த்தை கேட்டா நானு உட மாட்டனுங்களா?"

கேட்டுவிட்டேன் அம்மணி. வாயில் தானாக வந்துவிட்டது. அவரும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

இதனால் பத்திரத்துக்குச் சட்டப்படி ஏதாவது கெடுதல் உண்டா? உடனே ஒரு வரி எழுதுங்கள். ரியாஸுக்குத் தெரிய வேண்டாம்.

யாகூப்